நீட்டிய கை: ஒரு கிண்டர்கார்ட்டன் வகுப்பில் டெக்சாஸ் கொடியும் உறுதிமொழியும்

பின்னணி

டாலஸ் நகருக்கு வடக்கே உள்ள புறநகர் ஒன்றில், அரசுப் பள்ளியின் கிண்டர்கார்ட்டன் வகுப்பில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். இங்கே பதிவு செய்வது, ஒரு பள்ளியாண்டில் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை நடந்தது. பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டிருக்கிறேன். எழுதலாம் என்று அந்தக் குடும்பம் சம்மதம் தந்த பிறகே எழுதுகிறேன்.

வகுப்பில் 21 குழந்தைகள், எல்லோரும் ஐந்து வயதுக்காரர்கள். ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறவர்கள். ஸ்பானிஷ், தெலுங்கு, தமிழ், வியட்நாமிய மொழி என்று பல. வகுப்பாசிரியை டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்தவர், அனுபவமும் பொறுமையும் உள்ளவர். நான் தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்துத் திருமணத்துக்குப் பிறகு இங்கே வந்தவள்.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு மாநிலத்துக்கென ஓர் உறுதிமொழி என்பது புதிதாகப் படும். நமக்கு உறுதிமொழி என்றால் ‘இந்தியா எனது நாடு’ என்று தொடங்கும் ஒன்றுதான். டெக்சாஸில் இரண்டு உண்டு. முதலில் அமெரிக்க தேசியக் கொடிக்கான உறுதிமொழி, அடுத்து டெக்சாஸ் கொடிக்கான உறுதிமொழி, அதன்பின் ஒரு நிமிட அமைதி. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஒவ்வொரு நாளும் இது நடக்கிறது. இரண்டு கொடிகளையும் அடையாளம் காண்பதும் இரண்டு உறுதிமொழிகளையும் சொல்வதும் கிண்டர்கார்ட்டன் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. பிள்ளை சொல்ல வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு. எங்கள் வகுப்பில் ஒரு சிறுமிக்கு, குடும்பத்தின் சமய நம்பிக்கை காரணமாக, அப்படி ஒரு கடிதம் இருந்தது. மற்றவர்கள் சொல்லும்போது அவள் கைகளைத் தொங்கவிட்டு அமைதியாக நிற்பாள்.

டெக்சாஸ் உறுதிமொழி ஆங்கிலத்தில் 17 சொற்கள்தான். ஹானர் த டெக்சாஸ் ஃப்ளாக். ஐ ப்ளெட்ஜ் அலீஜியன்ஸ் டு தீ, டெக்சாஸ், ஒன் ஸ்டேட் அண்டர் காட், ஒன் அண்ட் இன்டிவிசிபிள். டெக்சாஸ் கொடிக்கு மரியாதை செய். டெக்சாஸே, உனக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதி கூறுகிறேன். கடவுளின்கீழ் ஒரே மாநிலம், ஒன்றானது, பிரிக்க முடியாதது என்பது பொருள். பதினேழு சொற்களுக்குள் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பிடிபடாதவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் அந்த ஆண்டு அப்படி எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போன தாள்

செப்டம்பர் மூன்றாம் வாரத்தில், வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு தாளை வைத்து அனுப்பினோம். மேல் பாதியில் டெக்சாஸ் கொடியின் கோட்டோவியம், கீழே உறுதிமொழியின் வரிகள். ‘வண்ணம் தீட்டுக. வீட்டில் ஒருவரிடம் இதைச் சொல்லிக் காட்டுக’ என்று இரண்டு கட்டளைகள். தாளைத் தயாரித்தவள் நான். கையை எங்கே வைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது என்று நினைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை தாள்கள் திரும்பி வந்தன. தமிழ் பேசும் வீட்டுச் சிறுவன் ஒருவனின் தாளில் இடப்பக்க நீலப் பட்டை சரியாக இருந்தது. அதனுள் நட்சத்திரம் வெள்ளையாக விடப்பட்டிருந்தது. மேலே உள்ள வெள்ளைப் பட்டையும் சரி. கீழே உள்ள சிவப்புப் பட்டைதான் கோட்டைத் தாண்டியிருந்தது. சிவப்பு மெழுகுக் கிரேயானை அழுத்தி அழுத்தி, மேல்நோக்கிக் கூர் கூராக இழுத்திருந்தான். நடுநடுவே ஆரஞ்சும் மஞ்சளும். வெள்ளைப் பட்டையில் பாதியை அவை விழுங்கியிருந்தன. தாளின் பின்பக்கத்தைத் தடவினால் கிரேயான் அழுத்தம் விரலில் தட்டுப்பட்டது. ஆசிரியை ‘கோட்டுக்குள் தீட்டப் பழகு’ என்று ஒரு ஒட்டுத்தாளில் எழுதி அதன்மேல் ஒட்டினார். நானும் அதை அடுக்கில் சேர்த்துவிட்டேன். ஏன் இப்படித் தீட்டினாய் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை

மறுநாள் காலை ஒலிபெருக்கியில் வழக்கமான அறிவிப்பு வந்தது. முதல் உறுதிமொழிக்கு எல்லோரையும் போல அவனும் வலக்கையை நெஞ்சில் வைத்தான். டெக்சாஸ் உறுதிமொழி தொடங்கியதும் அந்தக் கையை எடுத்துத் தோள் உயரத்தில் நேராக முன்னால் நீட்டினான். உள்ளங்கை தரையைப் பார்த்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. ஒரு சொல்லும் பிசகாமல் உரக்கச் சொன்னான்.

நானும் ஆசிரியையும் ஒரே கையைத்தான் பார்த்தோம். எனக்கு என் பள்ளி மைதானம் நினைவுக்கு வந்தது. காலைக் கூட்டத்தில் வரிசையாக நின்று, கையை நீட்டி, தோள் வலித்தாலும் ‘மகிழ்ச்சி காண்பேன்’ வரும்வரை இறக்காமல் நின்ற நாள்கள். ஆசிரியையின் முகம் வெளுத்துவிட்டது. அவர் பார்த்தது நாஜி வணக்கம்.

அருகில் போய் அவன் கையை மெதுவாகப் பிடித்து நெஞ்சுக்குக் கொண்டுவந்தார். அவன் மறுபடி நீட்டினான். “இதுதான் சரி. தாத்தா சொன்னார்” என்றான் ஆங்கிலத்தில். தாத்தா என்ற சொல் மட்டும் தமிழில் வந்தது. அது ஆசிரியைக்குப் புரியவில்லை. நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாசலில் இன்னொரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது, அதைக் கவனிக்கப் போனேன், பிறகு மறந்தேன்.

புதன்கிழமை இன்னும் மூன்று சிறுவர்கள் கையை நீட்டினார்கள். அவர்களுக்கு அது புதிய விளையாட்டு. அன்று நூலகப் புத்தகங்களை அடுக்க வந்திருந்த பெற்றோர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். வியாழன் காலை ஆசிரியைக்கும் பள்ளி அலுவலகத்துக்கும் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. கோபமாக எழுதியிருந்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும், அந்தக் கையின் மறுபக்கம் தெரியாத நிலையில், அப்படித்தான் எழுதியிருப்பேன்.

முதல் முடிவும் என் பிழையும்

வியாழன் நண்பகலில் துணை முதல்வர், ஆசிரியை, நான் மூவரும் அமர்ந்து பேசினோம். பெற்றோரை முறைப்படி அழைத்துப் பதிவேட்டில் குறிப்பது ஒரு வழி. வகுப்பு முழுவதற்கும் ‘கையை நீட்டக் கூடாது’ என்று அறிவிப்பது இன்னொரு வழி. இந்தியப் பள்ளிகளில் உறுதிமொழிக்குக் கையை நீட்டுவதுதான் வழக்கம் என்று அப்போதுதான் விளக்கினேன். ஆசிரியை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நான் அவன் கையை இரண்டு முறை இறக்கினேன்” என்றார். அவருக்கு அது உறுத்தியது.

பதிவேட்டில் குறிப்பதில்லை என்று முடிவு செய்தோம். தவறான எண்ணத்தோடு பிள்ளை எதையும் செய்யவில்லை, அவன் பெயருக்கு எதிரே ஒரு வரி எழுதினால் அது அவனோடு வகுப்பு வகுப்பாகத் தொடரும். வகுப்பு முழுவதற்கும் தடை அறிவிப்பதையும் வேண்டாம் என்றோம். ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் ஒன்றைச் செய்யாதே என்றால் அன்றே 21 கைகள் நீளும். மின்னஞ்சல் அனுப்பியவருக்குத் துணை முதல்வர் தொலைபேசியில் விளக்குவது என்றும், வீட்டில் நான் பேசுவது என்றும் பிரித்துக்கொண்டோம்.

இதில் பிழை செய்தவள் நான். அன்று மாலையே, பிள்ளைகளை நடந்து வந்து அழைத்துப்போகிறவர்கள் நிற்கும் வாசலில் தாத்தாவைப் பார்த்தேன். மகள் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு வந்திருப்பவர், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றிலும் ஆள்கள். பேரன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் தமிழில்தான் பேசினேன், ஆனால் அவசரமாகப் பேசினேன்.

“சார், பையனுக்குக் கையை நீட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா? இங்கே அது ஹிட்லர் வணக்கம் போல இருக்கிறது என்று புகார் வந்துவிட்டது.”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. தோளில் இருந்த பையை ஒருமுறை சரி செய்துகொண்டார். “34 வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த கை அம்மா இது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேரனை அழைத்துக்கொண்டு நடந்தார்.

வெள்ளியும் திங்களும் அவர் வரவில்லை. சிறுவனின் தாய் அலுவலகத்திலிருந்து ஓடி வந்து அழைத்துப்போனார். திங்கள் இரவு எனக்குத் தொலைபேசியில் பேசினார். “அக்கா, அப்பா சரியாகவே சாப்பிடவில்லை. தன்னால் பேரனுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டதாக நினைக்கிறார். அடுத்த மாதமே டிக்கெட்டை மாற்றி ஊருக்கு அனுப்பு என்கிறார்” என்றார். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கையின் கதை

மன்னிப்புக் கேட்கப் போவதற்கு முன்னால் எனக்கே சில விஷயங்கள் தெளிவாக வேண்டியிருந்தது. தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

அமெரிக்க உறுதிமொழியை எழுதியவர் ஃபிரான்சிஸ் பெல்லமி. கொலம்பஸ் வந்து 400 ஆண்டுகள் ஆனதைப் பள்ளிகள் கொண்டாடிய 1892ஆம் ஆண்டில் அது வெளியானது. அதனோடு ஒரு வணக்க முறையும் வந்தது: உறுதிமொழியைச் சொல்லும்போது பிள்ளைகள் வலக்கையைக் கொடியை நோக்கி நேராக நீட்ட வேண்டும், உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் அரை நூற்றாண்டு காலம் பிள்ளைகள் கையை நீட்டித்தான் நின்றார்கள். ஐரோப்பாவில் பாசிஸ்டுகளும் நாஜிகளும் அதைப் போன்ற வணக்கத்தைக் கைக்கொண்ட பிறகுதான் அது இங்கே சங்கடமாயிற்று. 1942 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, கையை நெஞ்சில் வைக்கும் முறைக்கு மாறினார்கள்.

நம் உறுதிமொழியின் கதை வேறு. பைடிமர்ரி வெங்கட சுப்பா ராவ் 1962இல் தெலுங்கில் எழுதியது அது. விசாகப்பட்டினத்தில் பள்ளியில் ஒலிக்கத் தொடங்கி, 1965 முதல் நாடு முழுவதும் பரவியது. கையை நீட்டிச் சொல்வது நம் பள்ளிகளில் இன்றும் சாதாரணம். நம் ஊரில் அந்தக் கையைப் பார்த்து யாருக்கும் ஐரோப்பா நினைவுக்கு வருவதில்லை.

இவற்றை முதலில் ஆசிரியையிடம் சொன்னேன். பழைய புகைப்படங்களையும் காட்டினேன். அமெரிக்க வகுப்பறை, அமெரிக்கக் கொடி, வரிசையாக நீட்டிய சின்னச் சின்னக் கைகள். அவர் பாட்டி அந்தக் காலத்தில் டெக்சாஸில் பள்ளிக்குப் போனவராம். “என் பாட்டியும் இப்படித்தான் நின்றிருப்பார்” என்றார்.

புதன் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆசிரியையும் வருவதாகச் சொன்னார், முதலில் நான் தனியாகப் போவதே சரி என்று பட்டது. காயப்படுத்தியவள் நான், காயப்படுத்தியதும் தமிழில். தாத்தாவிடம், வாசலில் வைத்து அப்படிப் பேசியது தவறு சார் என்று சொன்னேன். அவர் பிள்ளைகளிடம் சொல்வது போல, “சரி, உட்காருங்கள்” என்றார். படங்களைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“1942இல் மாற்றினார்களே, பிள்ளைகளுக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? நேற்று வரை நீட்டிய பிள்ளையிடம் இன்று நீட்டாதே என்றால் காரணம் கேட்டிருக்குமே?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. தலைமையாசிரியராக இருந்தவருக்கு மட்டும் தோன்றும் கேள்வி அது. எங்கள் வேலை என்ன என்பதும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

டெக்சாஸ் உறுதிமொழியின் கதையையும் அவரிடம் சொன்னேன். 1933இல் சட்டமன்றம் அதை ஏற்றபோது ‘1836ஆம் ஆண்டின் டெக்சாஸ் கொடிக்கு’ என்று எழுதிவிட்டார்கள். 1836 டிசம்பரில் ஏற்கப்பட்டது வேறு கொடி, நீலத் துணியில் ஒரு பொன்னிற நட்சத்திரம். இப்போதுள்ள கொடி 1839 ஜனவரி 25 அன்று, டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்த காலத்தில், ஏற்கப்பட்டது. அந்த ஆண்டு எண்ணை உறுதிமொழியிலிருந்து நீக்கியது 1965இல்தான். 2007இல் ‘கடவுளின்கீழ் ஒரே மாநிலம்’ என்ற சொற்களைச் சேர்த்தார்கள். “32 வருடம் பெரியவர்களே தவறான கொடியைச் சொல்லியிருக்கிறார்களா?” என்று கேட்டுவிட்டு, நான் வந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார்.

தாத்தா வகுப்புக்கு வந்தது

அவரை வகுப்புக்கு அழைக்கலாம் என்று சொன்னது ஆசிரியை. துணை முதல்வருக்குத் தயக்கம். புகார் வந்த சில நாள்களிலேயே அதே மனிதரை அழைத்தால் பள்ளி புகாரை மதிக்கவில்லை என்று தோன்றாதா என்றார். நியாயமான தயக்கம். கையை நீட்டிக் காட்டுவதில்லை, கொடிக்கு மரியாதை செய்வது என்றால் என்ன என்பதை மட்டும் பேசுவது என்று ஒப்புக்கொண்டு, அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவரை வரச் சொன்னோம். வந்து பேசுவதை அவரும் உடனே ஏற்கவில்லை. இரண்டு நாள் யோசித்தார்.

ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்திருந்த சிறிய இந்தியத் துணிக்கொடி ஒன்றையும், கடையில் வாங்கிய ரோஜாவின் இதழ்களையும் எடுத்து வந்தார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். கொடியை மேசைமேல் விரித்து, நடுவில் இதழ்களை வைத்து, நான்காக மடித்து, நூலால் முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சுக்கே பத்து நிமிடம் ஆயிற்று. விரல் நடுங்கியது. இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும், அதுவரை அவிழவும் கூடாது. இரண்டு முறை பிரித்து மறுபடி போட்டார். ஐந்து வயதுப் பிள்ளைகள் 21 பேர் பத்து நிமிடம் சத்தமில்லாமல் ஒரு முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் வேறெப்போதும் கண்டதில்லை.

வெள்ளைப் பலகைக்கு மேலிருந்த கொக்கியில் மாட்டி, நூல் முனையைப் பேரனிடம் கொடுத்தார். அவன் இழுத்தான். கொடி விரிந்து இதழ்கள் அவன் தலையிலும் கம்பளத்திலும் கொட்டின. வகுப்பே கூச்சலிட்டது.

ஒரு சிறுமி, நம் கொடிக்குள்ளும் பூ வைக்கலாமா என்று கேட்டாள். ஆசிரியையின் பதிலை அப்படியே தருகிறேன், ஏனென்றால் அன்றைய பாடத்தின் மையம் அது: “இந்தியாவில் திருநாளில் கொடிக்குள் பூ வைப்பது மரியாதை. இங்கே கொடிக்குள் எதையும் வைக்காமல் இருப்பது மரியாதை.” உண்மையும் அதுதான். சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற நாள்களில் பூவிதழ் வைக்க இந்தியக் கொடி விதிகள் இடம் தருகின்றன. எதையும் வைக்கும், சுமக்கும் பொருளாகக் கொடியைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கக் கொடிச் சட்டம் சொல்கிறது. ஹானர் என்ற சொல்லை ஒரு மாதமாகச் சொல்லியும் விளங்காத பிள்ளைகளுக்கு அன்று அது விளங்கியது என்று நினைக்கிறேன். கம்பளத்தில் கிடந்த இதழ்களை யாரும் மிதிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதக் கோப்பையில் போட்டார்கள்.

நாங்கள் எதிர்பாராத ஒன்றும் அன்று நடந்தது. காலை உறுதிமொழி நேரத்தில் தாத்தா கைகளைப் பக்கவாட்டில் வைத்து நேராக நின்றார். இன்னொரு நாட்டிலிருந்து வந்தவர் அப்படி நிற்பதே பொருத்தம். பேரன் அவரைப் பார்த்தான். நெஞ்சிலிருந்த தன் கையை எடுத்துவிட்டு அவரைப் போலவே நின்றான். அடுத்த திங்களும் அப்படியே நின்றான். அதற்கடுத்த திங்களும் அப்படியே.

தீ எங்கே இருந்தது

கொடிப் பாடத்தைத் திரும்பத் தொடங்கினோம், இம்முறை சொற்களிலிருந்து. ஒரு நாள் சிற்றுண்டி மேசையில் அவனிடம் தமிழில், டெக்சாஸ் கொடியைப் பற்றி உனக்குத் தெரிந்ததைச் சொல் என்றேன்.

“நீலம் இருக்கிறது, ஸ்டார் இருக்கிறது, வெள்ளை இருக்கிறது, தீ இருக்கிறது” என்றான்.

“தீயா?”

“கீழே இருக்கிறதே டீச்சர். அதனால்தானே ‘டு தீ, டெக்சாஸ்’ என்று சொல்கிறோம்?”

உள்ளே போய் பழைய தாள்களின் அடுக்கிலிருந்து அவனுடையதை எடுத்தேன். ‘கோட்டுக்குள் தீட்டப் பழகு’ என்ற ஒட்டுத்தாளுக்குக் கீழே அவன் தீ எரிந்துகொண்டிருந்தது. உனக்கு என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லைத் தமிழ்க் காது தீ என்றே கேட்டிருக்கிறது. சொல்லுக்குப் பொருள் தேடி, கொடியில் அதற்கு இடமும் கண்டுபிடித்து வரைந்திருக்கிறான். வகுப்பில் அந்த உறுதிமொழியை அவனளவுக்கு யோசித்தவர் யாரும் இல்லை. நாங்கள் அதைக் கிறுக்கல் என்று திருத்தினோம்.

ஒட்டுத்தாளை ஆசிரியை தானே எடுத்தார். ‘தீ’ என்ற சொல்லையும் அதன் பொருளையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து, இதைக் கேட்டால் உனக்கு என்ன தெரிகிறது என்று எல்லாப் பிள்ளைகளையும் கேட்டோம். ப்ளெட்ஜ் என்றால் தரையைத் துடைக்கும் திரவம் என்றான் ஒருவன், அந்தப் பெயரில் கடையில் ஒன்று இருக்கிறது. அலீஜியன்ஸ் என்பதற்கு ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. கடவுள் பற்றிய சொற்களை மட்டும் நாங்கள் விளக்கவில்லை, வீட்டில் கேளுங்கள் என்று விட்டுவிட்டோம். அது குடும்பங்களின் பொறுப்பு.

கொடியைக் காகிதத்தில் வெட்டி ஒட்டவும் வைத்தோம். தாளை மூன்றாக மடித்தால் ஒரு பங்கு நீலம், மீதி இரண்டு பங்கில் மேலே வெள்ளை, கீழே சிவப்பு. நீலம் விசுவாசம், வெள்ளை தூய்மை, சிவப்பு வீரம் என்பது கொடிச் சட்டம் தரும் பொருள். செங்குத்தாகத் தொங்கவிட்டால் நீலம் மேலே, பார்ப்பவருக்கு இடப்பக்கம் வெள்ளை வர வேண்டும். இதைக் கற்ற மறுநாளே ஒரு சிறுமி, தாழ்வாரத்தில் நாங்கள் தொங்கவிட்டிருந்த கொடியில் சிவப்பு இடப்பக்கம் இருப்பதைக் காட்டினாள். ஏணி கொண்டுவந்து மாற்றினோம்.

பின்னர்

சிறுவன் மூன்று வாரத்துக்கு மேல் கையை உயர்த்தவில்லை. உறுதிமொழியைச் சொல்வான், கை மட்டும் பக்கவாட்டிலேயே இருக்கும். வற்புறுத்துவதில்லை என்று ஆசிரியை முடிவு செய்தார். முதல் நாள் இரண்டு முறை அவன் கையைப் பிடித்து இறக்கியதை அவர் மறக்கவில்லை. விலக்குக் கடிதம் உள்ள சிறுமிக்கு அருகில் அவன் இடம் அமைந்தது தற்செயல். ஒரு காலையில் இன்னொரு பிள்ளை அவர்கள் இருவரையும் காட்டி, இவர்கள் சரியாகச் செய்யவில்லை என்றது. “நேராக நின்று கேட்பதும் மரியாதைதான்” என்றார் ஆசிரியை. கொடிக்கு வணக்கம் செலுத்த மாணவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943 ஜூன் 14 அன்று தீர்ப்பளித்தது. கேரளத்தில் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1986இல் சொன்னது. இரண்டு தீர்ப்புகளும் எனக்கு முன்பே தெரிந்தவை. அந்தச் சிறுமியின் பக்கத்தில் அவன் நின்றபோதுதான் அவை யாருக்காக எழுதப்பட்டவை என்று உறைத்தது.

நவம்பரில் ஒரு வாரம் கொடிக்கு அருகில் நிற்கும் பொறுப்பு அவனுக்கு வந்தது. எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும், மற்றவர்கள் அவனைப் பார்த்துச் செய்வார்கள். திங்கள் காலை என் உடையைப் பிடித்து இழுத்து, “டீச்சர், இங்கே எந்தக் கை?” என்று தமிழில் கேட்டான். வலக்கையைக் காட்டினேன். நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

புகார் அனுப்பிய பெற்றோருக்கு முழு விளக்கமும் போனது. அவர் பதில் எழுதவில்லை. தாத்தாவை வாசலில் பார்க்கும்போது தலையசைப்பார், அவ்வளவுதான். தாத்தா டிக்கெட்டை மாற்றவில்லை, பிப்ரவரியில்தான் ஊர் திரும்பினார். அதுவரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்து காகித மடிப்பு சொல்லிக் கொடுத்தார்.

இப்போது மாற்றியிருப்பவை

முதலில் மாற்றியது என்னைத்தான். வீட்டுப் பெரியவர்களிடம் வாசலில் நின்றபடி புகாரைச் சொல்வதில்லை, பிள்ளை அருகில் இருக்கும்போது சொல்லவே கூடாது. மொழி தெரியும் என்ற நம்பிக்கையில் நான் அவசரப்பட்டேன். ஆசிரியை போயிருந்தால், தமிழ் தெரியாத காரணத்தாலேயே நிதானமாகப் பேசியிருப்பார்.

ஒரு பிள்ளை வழக்கத்துக்கு மாறாக ஒன்றைச் செய்தால், கையைத் தொடுவதற்கு முன் காரணத்தைக் கேட்பது என்று வகுப்பில் நாங்கள் இருவரும் பேசி வைத்திருக்கிறோம். அவன் செவ்வாய்க்கிழமையே காரணத்தைச் சொன்னான், தாத்தா என்ற ஒரே சொல்லில். கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் அறையிலேயே இருந்தும் புகார் வரும்வரை அது வெளிவரவில்லை. அதற்கு நான்தான் பொறுப்பு.

கொடிப் பாடத்தை இப்போது சொற்களின் பொருளிலிருந்து தொடங்குகிறோம். ஒப்பிக்க வைப்பது கடைசியில்தான். தாள்களுக்கு மதிப்பீட்டுக் குறிப்பு எழுதும் முன் பிள்ளையிடம் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கிறோம். நேரம் பிடிக்கிறது. 21 தாள்களுக்கு ஒரு முழுப் பிற்பகல் போய்விடுகிறது, அதற்காக வேறெதையாவது விட வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும் தாளையும் புதிதாக அமைத்தேன். நெஞ்சில் வைத்த கையின் படம் மேலே இருக்கிறது. கீழே, ‘உங்கள் ஊரில் கொடிக்கு எப்படி மரியாதை செய்வீர்கள்?’ என்று கேட்டு மூன்று வரிக்கு இடம் விட்டிருக்கிறேன், எந்த மொழியிலும் எழுதலாம். இந்த ஆண்டு அந்த இடம் ஏழு தாள்களில் நிரம்பி வந்தது. ஒன்றில் ஒரு மெக்சிகோப் பாட்டி ஸ்பானிஷில் இரண்டு வரி எழுதி, தன் ஊர் வழக்கத்தைப் பென்சிலால் வரைந்திருந்தார்: வலக்கை நெஞ்சின் குறுக்கே, விரல்கள் சேர்ந்து நீண்டு, உள்ளங்கை தரையைப் பார்த்து. பேத்தி வகுப்பில் அப்படித்தான் வைக்கிறாள் என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தோம். வரும் வெள்ளிக்கிழமை பாட்டியை அழைத்திருக்கிறோம்.